இரட்டைக் கோபுரத்துக்கு வாசல் எந்தப் பக்கம்?

கோலாலம்பூரிலிருந்து திரும்பி வந்த அன்று மாலை, கைத்தொலைபேசியில் இருந்த படங்களைப் பெரியம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். பெற்றோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் படம் வந்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எத்தனை தளம் மோனை?" என்று கேட்டார். 88 என்றேன். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் சண்முக இராஜகோபுரத்தின் ஒன்பது தளங்களோடு மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தவர்போலச் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்குது?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார். கோபுரம் என்றால் அதன் கீழே வாசல் ஒன்று இருந்தேயாக வேண்டும் என்பது எங்கள் ஊரில் எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விடயம் அல்ல. என்னால் உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை. அந்த மறுமொழியைத் தேடப்போய்ப் படித்தவையும், நேரில் பார்த்தவையும் சேர்ந்து இந்தப் பதிவாகிவிட்டன.

பெரியம்மாவின் கேள்வியில் வெறும் அறியாவல் மட்டும் இருக்கவில்லை. அவர் பிறந்ததே கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில்தான். என் அம்மப்பா மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். மிசன் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தை மூலதனமாகக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கப்பலேறிய யாழ்ப்பாணத்தவர்களின் நீண்ட வரிசையில் அவரும் ஒருவர். புகையிரத நிலைய அதிபர்களும் நில அளவையாளர்களும் கணக்குப்பிள்ளைகளுமாக எங்களவர்கள் குடியிருந்த புகையிரதக் குடியிருப்புப் பகுதி பிரிக்பீல்ட்ஸ். நல்லூரை மனதில் வைத்து அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. மாதாமாதம் வரும் "மலாயாப் பென்சனை" நம்பி நடந்த வீடுகளை எங்கள் ஒழுங்கையிலேயே மூன்றோ நான்கோ எனக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், ஆறு வயதில் ஊருக்குக் கூட்டிவரப்பட்ட பெரியம்மாவுக்கு அந்த நகரத்தைப் பற்றி எஞ்சியிருக்கும் ஞாபகங்கள் சொற்பம். அவற்றுள் ஒன்று, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்த குதிரைப் பந்தயத் திடல்.

அந்தத் திடலில்தான் இன்று கோபுரங்கள் நிற்கின்றன. அம்பாங் வீதியோரமாக 1896 முதல் இருந்த சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகத்தின் நிலம் அது. ஏறத்தாழ 100 ஏக்கர், நகரத்தின் நடு மையத்தில். எண்பதுகளில் பந்தய நாட்களில் அந்தப் பகுதியில் வாகன நெரிசல் தாங்க முடியாததாகியபோது, கழகத்தை நகருக்கு வெளியே சுங்கை பெசிக்கு அனுப்பிவிட்டு, அந்த நிலத்தை நகர மையமாக மாற்றும் எண்ணம் உருவானது. அதை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன். 1938இல் அதே பிரிக்பீல்ட்சில் பிறந்து 2024 நவம்பரில் மறைந்த அவரும் யாழ்ப்பாணப் பூர்வீகத்தவர். அவருடைய திட்டத்துக்குப் பிரதமர் மகாதீர் முகமதின் ஆதரவு கிடைத்ததும், 1974இல் தொடங்கப்பட்ட அரச எண்ணெய் நிறுவனமான பெற்றோனாஸ் தலைமையகம் அமைக்க முன்வந்ததும், ஒரு நகர மையத் திட்டம் ஒரு நாட்டின் அடையாளச் சின்னமாக வளர்ந்துவிட்டது. எங்களவர் ஒருவர் இதில் இருந்தார் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கும் ஒரு சிறு பெருமிதம் உண்டுதான். ஆனால் எந்த ஊரில் பெரிய காரியம் நடந்தாலும் அதற்குள் ஒரு யாழ்ப்பாணத்துச் சொந்தத்தைத் தேடிப்பிடிக்கும் எங்கள் பழக்கத்தை நானே கேலி செய்திருப்பதால், இதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

1991இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் வென்றவர் சீசர் பெல்லி. ஆர்ஜென்டீனாவின் துக்குமானில் 1926இல் பிறந்து அமெரிக்காவில் தொழில் செய்தவர். மலேசியாவுக்குரியதாக ஒரு வானுயர் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதற்கு முன் எந்த மாதிரியும் இல்லாத நிலையில், இசுலாமியக் கலையின் கேத்திர கணித வடிவங்களில் அவர் தொடங்கினார். முதலில் வரைந்தது பன்னிரண்டு முனை நட்சத்திரம். மகாதீரின் யோசனையின் பேரில் அது எட்டு முனையாக மாறியது. ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தை நாற்பத்தைந்து பாகை திருப்பி வைத்தால் வருகிற வடிவம் அது. முற்றத்தில் கோலம் போட்டுப் பழகிய எந்தக் கைக்கும் அது தெரிந்திருக்கும். எட்டு முனைகளுக்கும் இடையே உள்ள உள்மூலைகளில் எட்டு அரைவட்டப் புடைப்புகளைச் சேர்த்து உள்ளே கிடைக்கும் இடத்தைக் கூட்டினார்கள். அதனால்தான் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது கோபுரத்தின் உடல் கூர்மையும் வளைவுமாக மாறி மாறி மடிந்து, நாதசுரத்தின் அகன்ற அடிவாயான அணைசைத் தலைகீழாக நட்டுவைத்ததுபோல மேலே போகப்போக ஒடுங்குகிறது. சாளரங்களுக்கு மேலே துருப்பிடிக்காத உருக்கினாலான நிழற்பட்டைகள் ஒவ்வொரு தளத்தையும் சுற்றி ஓடுகின்றன. வெயில் நாட்டில் வீடு கட்டுகிறவன் முதலில் தாழ்வாரத்தைப் பற்றியே யோசிக்க வேண்டும் என்பதைக் கண்ணாடிப் பெட்டிகளாகக் கட்டித்தள்ளும் இன்றைய கட்டடக்கலைஞர்கள் மறந்துவிட்டார்கள். பெல்லி மறக்கவில்லை.

என்னை அதிகம் ஈர்த்தது கண்ணுக்குத் தெரியாத பகுதி. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டியவர்களுக்குக் கோலாலம்பூர்க் கதை நன்றாக விளங்கும். இங்கே இரண்டு முழம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். வெடிவைத்து உடைத்துக்கொண்டு போனால் ஒரு வளவில் நல்ல தண்ணீர், அடுத்த வளவில் உவர். கல்லுக்குள் தண்ணீர் அரித்த குகைகளும் சுரங்கவழிகளும் எங்கே இருக்கின்றன என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. மேற்கூரை இடிந்து விழுந்த அப்படியான ஒரு குகைதான் நிலாவரைக் கிணறு. அதில் எலுமிச்சம்பழத்தைப் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று சிறுவயதில் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதைக்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கல்லைப் பற்றிய ஊரவர்களின் அனுபவ அறிவே. கோலாலம்பூரின் அடியிலும் சுண்ணக்கல் இருக்கிறது. எங்களுடையது ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்தது. அங்கே உள்ளது அதைவிடப் பலமடங்கு பழையது, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். பத்துமலைக் குகையில் முருகனைக் கும்பிடப் போகிறவர்கள் ஏறிச் செல்வது அதே இனக் கல்லின் மேலேதான்.

கோபுரங்களுக்கென முதலில் குறித்த இடத்தைத் துளையிட்டுப் பார்த்தபோது, ஒரு பாதிக்குக் கீழே உக்கி ஓட்டை விழுந்த சுண்ணக்கல்லும், மறுபாதிக்குக் கீழே மென்பாறையும் இருப்பது தெரியவந்தது. ஒரு கால் கல்லிலும் மறுகால் சேற்றிலுமாக நிற்பவனின் நிலைமை அது. இலட்சக்கணக்கான தொன் பாரத்தை அப்படியான நிலத்தில் ஏற்றினால் ஒருபக்கம் கூடுதலாக இறங்கி, கட்டடம் சாய்ந்துவிடும். எனவே கோபுரங்கள் இரண்டையும் வரைபடத்தில் 60 மீற்றர் நகர்த்தினார்கள். பொறியியலில் இதைவிடத் துணிச்சலான காரியங்கள் பல இருக்கலாம். ஆனால் வரைந்து முடித்த ஒன்றை, நிலம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக எடுத்து அப்பால் வைக்கும் பணிவு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நகர்த்திய இடத்திலும் கெட்டியான அடிப்பாறை எட்டும் ஆழத்தில் இல்லை. ஆகவே ஒவ்வொரு கோபுரத்துக்கும் 104 கொங்கிறீட் தூண்களை 60 மீற்றர் தொடக்கம் 114 மீற்றர் வரையான ஆழத்துக்கு இறக்கினார்கள். இத்தூண்கள் பாறையில் கால் ஊன்றி நிற்கவில்லை. அவற்றின் பக்கங்களை மண் இறுகப் பற்றியிருப்பதாலேயே நிற்கின்றன. இன்னும் ஆழத்தில் கிடந்த சுண்ணக்கல்லின் வெற்றிடங்களைச் சீமெந்துக் கலவையால் அடைத்தார்கள். தூண்களின் தலைக்கு மேலே 4.5 மீற்றர் தடிப்பில் ஒரு கொங்கிறீட் படுக்கை. ஒரு கோபுரத்தின் படுக்கைக்கு 13,200 கன மீற்றர் கொங்கிறீட்டை 54 மணித்தியாலங்கள் இடைவிடாமல் ஊற்றியிருக்கிறார்கள். மேல்மாடிக்குக் கொங்கிறீட் போடும் நாளில் மழைக்குப் பயந்து, வேலையாட்களுக்குச் சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்து, இருட்ட முன்னர் முடித்துவிடப் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு அந்த 54 மணித்தியாலங்களின் அருமை தெரியும்.

உலகின் மிக உயர்ந்த கட்டடங்களெல்லாம் அதுவரை பெரும்பாலும் உருக்குச் சட்டங்களால் எழுப்பப்பட்டவை. மலேசியாவில் அவ்வளவு உருக்கை இறக்குமதி செய்வது செலவு மிகுந்தது. உள்ளூர் ஒப்பந்தகாரர்களுக்குக் கைவந்ததோ கொங்கிறீட் வேலை. எனவே 23 மீற்றருக்கு 23 மீற்றர் கொண்ட நடுத்தண்டு, அதைச் சுற்றி வட்டமாக 16 பருத்த தூண்கள், அவற்றை இணைக்கும் வளைய விட்டங்கள் எல்லாமே அதிவலுக் கொங்கிறீட்டில் அமைந்தன. நாங்கள் வீட்டுக்குப் பாவிக்கும் கொங்கிறீட்டின் வலு சதுர மில்லிமீற்றருக்கு 20 அல்லது 25 நியூட்டன். அங்கே கீழ்த்தளங்களில் பாவித்தது 80. உருக்கினால் கட்டியிருந்தால் வந்திருக்கும் பாரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பாரம் அத்திவாரத்தில் ஏறியது. ஆனால் காற்றுக்கு ஆடும் ஆட்டம் குறைந்தது.

வேலையை ஒருவரிடமே கொடுக்காமல், முதலாம் கோபுரத்தை யப்பானின் ஹசாமா தலைமையிலான கூட்டிடமும், இரண்டாம் கோபுரத்தைத் தென்கொரியாவின் சம்சுங், குக்டொங் நிறுவனங்களைக் கொண்ட கூட்டிடமும் ஒப்படைத்தார்கள். யப்பானியருக்கும் கொரியருக்கும் இடையே இருந்த பழைய பகையை அறிந்துதான் இப்படிச் செய்தார்களோ தெரியாது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் மதில் கட்டுவதுபோல வேலை வேகம்பிடித்தது. 1993 மார்ச்சில் நிலம் தோண்டத் தொடங்கி, 1996 மார்ச்சில் உச்சிக் கூம்புகளை ஏற்றிவிட்டார்கள். கொரியர்கள் ஒரு மாதம் பிந்தித் தொடங்கி முந்தி முடித்தார்கள். முதலாம் கோபுரம் ஒரு கட்டத்தில் செங்குத்திலிருந்து 25 மில்லிமீற்றர் விலகியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்த 16 தளங்களில் 20 மில்லிமீற்றர் மறுபுறம் சாய்த்து நேராக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு பெருவிரல் அகல விலகல். எங்கள் மேசன்மார் குண்டுநூலைப் பார்த்து "பூச்சிலே சரிவரும்" என்று சொல்லிக் கடந்துபோகும் அளவு. வேறொரு முறை கொங்கிறீட் மாதிரி ஒன்று வலுச்சோதனையில் தவறியதும் வேலை முழுவதும் நிறுத்தப்பட்டு, கட்டி முடித்த தளங்களெல்லாம் சோதிக்கப்பட்டன. ஒரேயொரு தளத்தில் மட்டும் பழுதான கலவை போயிருந்தது. அந்தத் தளத்தை இடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள்.

இனி வாசலுக்கு வருகிறேன். 41ஆம், 42ஆம் தளங்களில், தரையிலிருந்து 170 மீற்றர் உயரத்தில், 58 மீற்றர் நீளமான ஈரடுக்குப் பாலம் இரு கோபுரங்களையும் இணைக்கிறது. 750 தொன் நிறையுள்ள அது தென்கொரியாவில் செய்யப்பட்டு, துண்டுகளாகக் கொண்டுவரப்பட்டு, 1995இல் மேலே தூக்கிவைக்கப்பட்டது. இரு கோபுரங்களும் காற்றில் தனித்தனியே அசைவதால், இறுக்கிப் பூட்டினால் பாலம் பிய்ந்துவிடும். எனவே அதன் முனைகள் கோபுரங்களுக்குள் முன்னும் பின்னும் வழுக்கும் வகையில் விடப்பட்டிருக்கின்றன. அதன் பாரத்தைத் தாங்குபவை, 29ஆம் தளத்தில் இருபுறமும் ஊன்றி, பாலத்தின் நடுவயிற்றில் வந்து கூடும் இரண்டு சாய்கால்கள். ஒரு கோபுரத்தில் தீப்பிடித்தால் அங்குள்ளவர்கள் மற்றதுக்குத் தப்பிச்செல்லலாம் என்பது பாலத்தின் பயன்களில் ஒன்று. நியூயோர்க் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்ததற்கு மறுநாள், 2001 செப்ரெம்பர் 12இல், பொய்யான குண்டு மிரட்டல் ஒன்றினால் இரண்டு கோபுரங்களையும் ஒரே நேரத்தில் வெறுமையாக்க வேண்டி வந்தபோது, அந்த ஏற்பாடு அப்படியான நிலைமைக்குப் போதாது என்று தெரிந்து, வெளியேற்றத் திட்டத்தைத் திருத்தியமைத்தார்கள்.

பாலத்தின் உண்மையான வேலை வேறு என்று நினைக்கிறேன். பெல்லி கோபுரங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைக் கோபுரங்களுக்குச் சமமாக மதித்தவர். வெற்றிடத்தைப் பற்றிச் சீன ஞானி லாவோட்சு கூறியவற்றை நினைவூட்டி, அந்த இடைவெளியை வானத்துக்கான ஒரு வாசல் என்றே அவர் கண்டார். இரண்டு கோபுரங்களும் நிலைத்தூண்கள், பாலம் மேல்நிலை. பாலமில்லாத இரட்டைக் கட்டடங்கள் உலகில் பல உண்டு. கொழும்புக் கோட்டையில் உள்ளவையும் அப்படியானவைதாம். அவை அருகருகே நிற்கும் இரண்டு கட்டடங்கள், அவ்வளவுதான். இங்கே பாலத்தைக் கண் ஒருமுறை கண்டுவிட்டால் நடுவில் உள்ள வெளிக்கு ஓர் உருவம் வந்துவிடுகிறது. தமிழில் நாங்கள் யோசிக்காமலே "இரட்டைக் கோபுரம்" என்று பெயர் வைத்தோம். உயரமான எதையும் கோபுரம் என்று சொல்லிவிடும் எங்கள் அசட்டை, இந்த ஒரு கட்டடத்தில் மட்டும் தற்செயலாகச் சரியாகப் பொருந்திவிட்டது.

உயரத்தைப் பற்றிய சண்டையையும் சொல்லவேண்டும். கோபுரங்களின் உயரம் 451.9 மீற்றர், நல்ல வளர்ந்த பனை 30 மீற்றர் என்று வைத்தால், பதினைந்து பனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்த வேண்டும். சிக்காகோவின் சியர்ஸ் கோபுரத்துக்கு 442 மீற்றர். ஆனால் மலேசியக் கோபுரங்களில் 73 மீற்றருக்கு மேல் உச்சிக்கூம்பே பிடித்துக்கொள்கிறது. ஆட்கள் இருக்கக்கூடிய கடைசித் தளத்தைப் பார்த்தால் சிக்காகோதான் உயரம். கூம்பு கட்டடக்கலையின் ஓர் அங்கம் என்பதால் கணக்கில் சேரும், பின்னர் பொருத்தும் அலைக்கம்பம் சேராது என்று உயர்ந்த கட்டடங்களுக்கான சர்வதேசக் குழு 1996இல் தீர்ப்புச் சொன்னது. சிக்காகோக்காரருக்கு அது பொறுக்கவில்லை. கலசத்தைச் சேர்க்காமல் கோபுரத்தை அளக்கும் எண்ணம் எங்களில் எவருக்கும் வராது என்பதால், எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை தெரியவில்லை. 1997இல் ஆசிய நிதி நெருக்கடி நாட்டைப் புரட்டிப்போட்ட வேளையில்தான் கட்டடத்தின் இறுதி வேலைகள் நடந்தன. 1999 ஓகஸ்டில் மகாதீர் முறைப்படி திறந்துவைத்தார். 2004இல் தாய்வானின் தாய்பெய் 101 முந்திக்கொண்டது. அதைக் கட்டியதில் சம்சுங்குக்கும் பங்குண்டு, துபாயின் புர்ஜ் கலீபாவைக் கட்டியதிலும் உண்டு. கோலாலம்பூரிலேயே இப்போது 679 மீற்றரில் மெர்தேக்கா 118 எழுந்துவிட்டது. இரட்டைக் கட்டடங்களுள் மிக உயர்ந்தது என்ற இடம் மட்டும் இன்றும் இவற்றுக்கே.

அலன் ரொபேர் என்ற பிரெஞ்சுக்காரர் கயிறில்லாமல் வெறுங்கையால் இதில் ஏறப்பார்த்து 1997இல் 60ஆம் தளத்தில் பிடிபட்டார். பத்து ஆண்டுகளின் பின் மறுபடி முயன்று அதே 60ஆம் தளத்தில் பிடிபட்டார். 2009இல்தான் உச்சியைத் தொட்டார். தளைநாரோடு ஒரு நாளில் எத்தனையோ பனைகள் ஏறி இறங்குகிற எங்கள் ஊர்த் தொழிலாளர்களைப் படமெடுக்க எவரும் வருவதில்லை.

நான் அங்கே போன முதல்நாள் திங்கட்கிழமை. பாலம் திங்கட்கிழமைகளில் பார்வையாளருக்குத் திறப்பதில்லை என்பதைப் பார்க்காமல் போனது என் பிழை. மறுநாள் காலை ரிக்கற் எடுத்து, காது அடைக்கும் வேகத்தில் ஏறும் மின்தூக்கியில் 41ஆம் தளத்துக்குப் போனேன். பாலத்தில் தரப்படும் நேரம் மிகச் சொற்பம். எல்லோரும் தங்களைத் தாங்களே படம் எடுப்பதில் அதைச் செலவழித்தார்கள். நான் ஒருபுறம் அம்பாங் வீதியையும், மறுபுறம் பந்தயத் திடலின் மிச்சமாக விரிந்துகிடக்கும் பூங்காவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்பது ஆண்டுகளுக்கு முன் வேலிக்கரையில் நின்ற ஆறு வயதுப் பிள்ளையை எந்த இடத்தில் வைப்பது என்று மேலேயிருந்து மட்டுக்கட்ட முடியவில்லை.

இவற்றில் பாதியையாவது பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். வாசல் கோபுரத்துக்குக் கீழே இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒருபக்கம் அம்பாங் வீதியையும் மற்றப்பக்கம் நீங்கள் குதிரை பார்த்த திடலையும் பார்த்திருக்கிறது என்றேன். அவர் படத்தை மறுபடி வாங்கிப் பாலத்தின் கீழே விரலை வைத்து, "அப்ப இதுக்குள்ளாலே தேர் போகுமோ?" என்று கேட்டார். 58 மீற்றர் அகலம், 170 மீற்றர் உயரம். நல்லூர்த் தேர் தாராளமாகப் போகும் என்று சொன்னேன். வாசல்படியில் ஆறு மாடிக் கடைத்தொகுதி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.